மலைக் குளிர் கீழிருந்து வருகிறது: கூடாரத்துக்கு ஏற்ற பாயைத் தெரிவு செய்வது எப்படி?

வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் முதுகுப்பையோடு மலையகத்துக்குப் புறப்படும் இளையவர்களை இப்போது அடிக்கடி காண்கிறேன். ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ், அப்புத்தளைப் பக்கம் என்று போகிறார்கள். கூடாரத்தில் ஓரிரு இரவு தங்குகிறார்கள். நானும் செய்தி சேகரிக்கவும், சில வேளைகளில் சும்மா நடக்கவும் அந்தப் பக்கம் போய்வருபவன் என்பதால் புறப்படுமுன் என்னிடம் கேட்பார்கள். எந்தக் கூடாரம் நல்லது, எந்த ஸ்லீப்பிங் பாக் சூடாக இருக்கும், ஜக்கெற் எங்கே வாங்கலாம். எதன்மேல் படுப்பது என்று கேட்பவர் அரிது. பாய்தானே, வீட்டில் கிடக்கும் ஒன்றைச் சுருட்டிக் கட்டினால் போதும் என்பது எண்ணம்.

அந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். தரையில் படுப்பதை நாங்கள் யாரிடமும் கற்கத் தேவையில்லாத சனம். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்குப் போனவர்கள் வீதியோரத்திலும் கோயில் மண்டபங்களிலும் படுத்தார்கள். வன்னியில் இறுதிப் போரின்போது தறப்பாளின் கீழும் பதுங்கு குழிக்குள்ளும் மாதக்கணக்காகப் படுத்தோம். பிறகு செட்டிகுளத்தில், மெனிக் பாம் கூடாரங்களில். ஒரு பன்பாயோ, பனையோலைப் பாயோ, அதுவும் இல்லையென்றால் ஒரு சாக்கோ சாரமோ போதும் என்று உடம்பு பழகியது. ஆனால் அது சமவெளித் தரையின் பழக்கம். வன்னி மண் எங்களுக்குத் தந்த பிரச்சினை வெள்ளமும் சேறும் வெக்கையும். இரவில்கூட அந்த மண்ணில் பகலின் சூடு மிஞ்சியிருக்கும். இரண்டாயிரம் மீற்றர் உயரத்திலுள்ள மண் வேறு சாதி. அது உடம்பின் சூட்டை விடியும்வரை குடித்துக்கொண்டே இருக்கும். அங்கே பன்பாய் அநேகமாக ஒன்றுமே செய்யாது.

ஏன் என்பதற்கு ஓ.எல். விஞ்ஞானப் புத்தகமே போதும். வெப்பம் சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குத் தொடுகையினால் கடத்தப்படும். போர்வையோ ஸ்லீப்பிங் பாக்கோ தானாகச் சூடு தருவதில்லை. அதன் இழைகளுக்கிடையில் அசையாமல் நிற்கும் காற்றுத்தான் வெப்பத்தைத் தடுக்கிறது. மேலே போர்த்திய பகுதி உப்பிக் கிடப்பதால் அந்தக் காற்று அங்கே இருக்கும். கீழே இருக்கும் பகுதியை உங்கள் பாரம் நசுக்கிவிடுகிறது. காற்று வெளியேறி, வெறும் துணி மட்டும் மிஞ்சுகிறது. எத்தனை ஆயிரம் ரூபா கொடுத்து வாங்கிய ஸ்லீப்பிங் பாக் என்றாலும் முதுகுக்குக் கீழே அதன் கதை இதுதான். ஸ்லீப்பிங் பாக்கில் அச்சிட்டிருக்கும் வெப்பநிலை அளவுகூட, அதை நல்ல வெப்பக் காவலியான பாயொன்றின் மேல் வைத்துச் சோதித்துப் பெற்றது. பாய் இல்லாமல் அந்த எண்ணை நம்ப முடியாது.

ஆகவே கூடாரத்துக்கான பாயின் முதல் வேலை மெத்தென்று இருப்பதல்ல. தரைக்கும் உடம்புக்கும் இடையில் நசுங்காத, அசையாத காற்றை வைத்திருப்பதுதான். ஸ்லீப்பிங் பாட் என்ற பெயரில் விற்கப்படும் இந்தப் பாய்களில் அந்தத் திறனை ‘ஆர் பெறுமானம்’ என்ற எண்ணால் குறிக்கிறார்கள். எண் கூடக்கூடப் பாய் சூடானது. சோதனை எளிது. சூடான தட்டுக்கும் குளிர்ந்த தட்டுக்கும் இடையில் பாயை வைத்து, சூடான தட்டை அதே வெப்பநிலையில் வைத்திருக்க எவ்வளவு மின்சக்தி தேவைப்படுகிறது என்று அளக்கிறார்கள். முன்பு ஒவ்வொரு கம்பனியும் தனக்கு வசதியான முறையில் அளந்து எண்ணைப் போட்டுக்கொண்டது. 2018இல் அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் அமைப்பு எப் 3340 என்ற பொதுவான முறையை வெளியிட்டது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் பெரிய கம்பனிகள் அதற்கு மாறின. அதனால் பழைய பாய் ஒன்றை இரண்டாம் கையாக வாங்குபவர்கள் அதில் எழுதியிருக்கும் எண்ணைச் சற்றுச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். எண்ணே போடாமல் “நாலு காலத்துக்கும் ஏற்றது” என்று மட்டும் எழுதியிருந்தால் இன்னும் கூடுதலான சந்தேகம் நல்லது.

இந்த எண்ணின் மிகப் பயனுள்ள குணம், அதைக் கூட்டலாம் என்பது. 2 உள்ள பாயின் மேல் 1.5 உள்ளதைப் போட்டால் 3.5. கையில் காசு குறைந்தவர்களுக்கு இது பெரிய வாய்ப்பு. கீழே அதைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் நாட்டு மலைகளுக்கு எவ்வளவு தேவை? நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹோட்டன் சமவெளி 2,100 மீற்றருக்கும் மேலே. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் முகிலில்லாத இரவுகளில் வெப்பநிலை பூச்சியத்தை அண்மித்து இறங்கும். விடியற்காலையில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடப்பதைக் காணலாம். அந்தக் காலத்தில் அங்கே தங்குபவருக்கு ஆர் பெறுமானம் 3 முதல் 4 வரை வேண்டும் என்பது என் கணிப்பு. குளிர் தாங்காதவர்கள், மெலிந்தவர்கள், வயதானவர்கள் 4க்கு மேலே போகலாம். நக்கிள்ஸ், எல்ல, அப்புத்தளை போன்ற இடங்களில் பெரும்பாலான மாதங்களுக்கு 2 போதும். 6, 7 என்ற எண்கள் பனியின் மேல் கூடாரம் போடுபவர்களுக்கானவை. நோர்வேயிலோ கனடாவிலோ உள்ள உங்கள் மச்சானுக்கு அது தேவைப்படலாம். உங்களுக்குத் தேவையில்லை, அதற்குக் காசு கொடுக்கவும் வேண்டாம்.

சந்தையில் இருப்பவை மூன்று வகை.

முதலாவது நுரைப்பாய். மூடிய சிறு கண்ணறைகளால் ஆன நுரை என்பதால் தண்ணீரை உறிஞ்சாது. இந்தக் கண்ணறை விடயம் முக்கியம். மெத்தைக் கடையில் வெட்டித் தரும் ஸ்பொஞ்சும் பார்வைக்கு நுரைதான். ஆனால் அதன் கண்ணறைகள் திறந்தவை. படுத்தால் நசுங்கும், நனைந்தால் ஒரு வாளித் தண்ணீரைக் குடித்துவிட்டு இரண்டு நாள் காயாது. மலையகத்தின் மூடுபனியில் அது உதவாது. மூடிய நுரைப்பாய் முள்ளுக் குத்தினாலும் பழுதாகாது. ஓய்வெடுக்கும்போது நிலத்தில் எறிந்துவிட்டு அதன்மேல் இருக்கலாம். பெயர் பெற்ற தேர்மரெஸ்ட் ஸீ லைட் சோல் என்ற மடிப்புப் பாயின் நிறை 410 கிராம், ஆர் பெறுமானம் 2. குறைகள் இரண்டு. பை நிறைய இடம் பிடிக்கும் என்பதால் வெளியில் கட்டித்தான் கொண்டுபோக வேண்டும். இரண்டு சென்றிமீற்றர் தடிப்பு என்பதால் பக்கவாட்டில் படுப்பவர்களின் இடுப்பெலும்பு தரையை உணரும்.

இரண்டாவது காற்றுப்பாய். ஏமாற்றம் அதிகம் நடப்பது இங்கேதான். தடிப்பாக இருந்தால் சூடாக இருக்கும் என்று நினைக்கிறோம். உள்ளே வெறும் காற்று மட்டும் உள்ள பாயில் அந்தக் காற்று அசையாமல் நிற்பதில்லை. உடம்பின் சூட்டை வாங்கிக்கொண்டு நகர்ந்து தரையிடம் கொடுத்துவிட்டு மறுபடி வருகிறது. பாடப்புத்தகம் மேற்காவுகை என்று சொல்வது இதைத்தான். கடற்கரைக்கும் நீச்சல் தடாகத்துக்கும் விற்கும் தடித்த மெத்தைகளின் ஆர் பெறுமானம் 1க்கு அண்மையில்தான் இருக்கும். ஒரு பெப்ரவரி மாதம் ஹோட்டன் சமவெளி முகாமிடத்தில் மூன்று பேர் ஒரே கூடாரத்தில் தங்கினோம். கிளிநொச்சியிலிருந்து வந்த தம்பி ஒருவன் சாண் உயர மெத்தையை ஊதி, இரண்டு தடித்த போர்வையோடு ராசா மாதிரிப் படுத்தான். எனக்கு மடிப்பு நுரைப்பாயும் நடுத்தரமான ஸ்லீப்பிங் பாக்கும். ஒரு மணியளவில் அவன் எழும்பி இருந்துகொண்டு, “அண்ணை, போர்வை பிரச்சினையில்லை, கீழாலதான் ஐஸ் மாதிரிக் கிடக்கு” என்றான். மேலே போட்டிருந்த போர்வையில் ஒன்றை மடித்துக் கீழே போட்டு, மழைக்கோட்டையும் காலிப் பையையும் அதற்கடியில் விரித்த பிறகுதான் கண்ணயர்ந்தான். மேலே ஒரு போர்வை குறைந்த பிறகு அவனுக்குச் சூடு கூடியது என்பதைக் கவனியுங்கள்.

நல்ல காற்றுப்பாய்கள் இந்தக் குறையை இரண்டு விதமாகச் சரிசெய்கின்றன. ஒன்று, உள்ளே செயற்கை இழையையோ பறவையின் மென்தூவியையோ நிரப்பிக் காற்றை நகரவிடாமல் செய்வது. மற்றது, உள்ளே மெல்லிய பளபளப்பான தாள்களை அடுக்காகக் கட்டி, காற்றைச் சிறு அறைகளாகப் பிரிப்பதோடு கதிர்வீசும் வெப்பத்தையும் உடம்புப் பக்கம் திருப்பிவிடுவது. தேர்மரெஸ்டின் நியோஏர் எக்ஸ்லைட் என்எக்ஸ்டி இரண்டாவது முறையில் செய்யப்பட்டது. நிறை ஏறத்தாழ 370 கிராம், ஆர் பெறுமானம் 4.5. சுருட்டினால் ஒரு தண்ணீர்ப் போத்தல் அளவு. அதன் அண்ணன் எக்ஸ்தேர்ம் ஏறத்தாழ 440 கிராமில் 7.3 தருகிறது. நீமோ கம்பனியின் டென்சர் ஆல்-சீசன் 5.4. சுவிற்சர்லாந்தின் எக்ஸ்பெட் கம்பனியும் இந்த வகையில் நல்ல பாய்கள் செய்கிறது. சூடும் பாரக்குறைவும் ஒன்றாக வேண்டுமென்றால் இந்த வகைக்கு நிகரில்லை. ஆனால் எக்ஸ்லைட்டின் விலை அமெரிக்காவில் 200 டொலர் அளவில், எங்கள் காசில் 60,000 ரூபாவைத் தொடும். ஒரு முள்ளோ சிகரெட் நெருப்போ பட்டால் நள்ளிரவில் நீங்கள் வெறும் தரையில் கிடப்பீர்கள். புரளும்போது சில பாய்கள் பொலித்தீன் பை கசக்குவதுபோலச் சரசரக்கும். இரவில் சிறு சத்தத்துக்கும் திடுக்கிட்டு எழும்பும் பழக்கம் போருக்குப் பிறகும் போகாதவர்கள் எங்களில் பலர் இருக்கிறோம். அப்படிப்பட்டவர்கள் வாங்கும் முன் பாயில் ஒருமுறை புரண்டு பார்க்க வேண்டும். இது சொகுசுக் கேள்வியல்ல.

மூன்றாவது, தானாகக் காற்று நிரம்பும் பாய். திறந்த கண்ணறை நுரையை காற்றுப்புகாத உறைக்குள் வைத்திருப்பார்கள். வால்வைத் திறந்தால் நுரை விரிந்து காற்றை இழுக்கும். 1970களின் தொடக்கத்தில் போயிங் விமானக் கம்பனி ஆட்குறைப்புச் செய்தபோது வேலை இழந்த பொறியியலாளர்கள் சியற்றிலில் உருவாக்கிய பொருள் இது. தேர்மரெஸ்ட் கம்பனி அதிலிருந்துதான் பிறந்தது. சூடும் சுகமும் உண்டு. ஆனால் பெரும்பாலும் நிறை அதிகம். வாகனத்தில் போய் இறங்குபவருக்கு நல்லது. ஓகிய ரயில் நிலையத்தில் இறங்கிப் பதினொரு கிலோமீற்றர் அளவு ஏறி ஹோட்டன் சமவெளிக்குப் போபவருக்கு நான் சொல்லமாட்டேன்.

வெளிநாட்டிலிருந்து யாராவது வரும்போது “என்ன கொண்டு வர?” என்று கேட்டால், சொக்கிலேற்றுக்குப் பதிலாக இந்தப் பாயைக் கேட்கலாம். பையில் இடம் பிடிக்காது. பெயரைச் சொல்லாமல், ஆர் பெறுமானம் 3.5க்கு மேல், நிறை 600 கிராமுக்குள், நீளம் உங்கள் உயரத்துக்கு ஏற்றது என்று மூன்று விடயத்தை மட்டும் எழுதி அனுப்புங்கள். அவர்கள் தங்கள் கையிருப்புக்கு ஏற்றதைத் தேடட்டும்.

அதுவும் முடியாதவர்களுக்கு அடுக்கும் வழி இருக்கிறது. பிள்ளைகள் விளையாட விரிக்கும், ஒன்றோடொன்று பொருத்தும் ஈவிஏ பாய்த்துண்டுகள் மூடிய கண்ணறை நுரைதான். ஒரு சென்றிமீற்றர் தடிப்பு என்றால் 1 அல்லது அதற்குச் சற்று மேலே ஆர் பெறுமானம் கிடைக்கும். அதில் இரண்டு அடுக்கைத் தலையிலிருந்து இடுப்பு வரை மட்டும் போட்டு, காலுக்குக் கீழே காலிப் பையை வைத்தால் பாரமும் குறையும். உடம்பின் பாரம் அழுந்தும் தோள், முதுகு, இடுப்புத்தான் முதலில் குளிரும். யோகா பாயை நான் பரிந்துரைக்கமாட்டேன். பாரமும் அடர்த்தியும் கூட, தடுக்கும் சூடு குறைவு. ரெஜிபோம் தகடு சூட்டை நன்றாகத் தடுக்கும், ஆனால் உடைந்து உருண்டை உருண்டையாகக் காட்டில் சிந்தும், அதைக் கொண்டுபோக வேண்டாம். பளபளக்கும் அவசரகாலத் தாளை முதுகோடு ஒட்டி விரிப்பதிலும் பயன் இல்லை. எதிரில் காற்று இடைவெளி இருந்தால்தான் அது வெப்பத்தைத் திருப்பும்.

சிவனொளிபாதமலைக்குப் போபவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. உந்துவப் போயாவிலிருந்து வெசாக் போயா வரையான பருவத்தில் இரவு ஏறி, உச்சியில் விடியலுக்காகச் சீமெந்துப் படியில் காத்திருப்போம். ஏறும்போது வந்த வியர்வையோடு 2,243 மீற்றரில் குந்தியிருப்பது நடுங்க வைக்கும். ஈவிஏ துண்டு ஒன்றைப் புத்தகப்பையில் வைத்தால் போதும். அம்மாமாருக்குக் கட்டாயம் கொடுங்கள்.

இனிச் சொல்லப்போவது கடைக்காரரின் கையேடுகளில் இருக்காது. எங்கள் உடம்புகள் எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல. செல் துண்டுகள் உடம்பில் தங்கியவர்களில் பலர், குளிரில் அந்த இடம் குடைவதாகச் சொல்வார்கள். அப்படிப்பட்டவர்கள் தாங்கள் நினைத்ததைவிட ஒரு எண் கூடுதலான பாயை எடுப்பது நல்லது. கால் இழந்தவர்களுக்குத் தரையோடு ஒட்டிய மெல்லிய நுரைப்பாயிலிருந்து எழும்புவதே ஒரு போராட்டம். ஏழு எட்டுச் சென்றிமீற்றர் உயரமுள்ள காற்றுப்பாயின் ஓரத்தில் கையூன்றி எழும்புவது ஓரளவு இலகு, ஆனால் வழுக்காத மேற்பரப்பு உள்ளதாகப் பார்க்க வேண்டும். செயற்கைக் காலைக் கழற்றிய பிறகு எஞ்சிய காலுக்குத் தடித்த உறையும் வேண்டும். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவர்களும் நண்பர்களோடு மலைக்கு வருகிறார்கள், வரவும் வேண்டும். அவர்களுக்கு மெல்லிய நுரைப்பாய் கூடவே கூடாது. அழுத்தப் புண் ஓர் இரவிலேயே தொடங்கலாம். தடித்த பாய், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிலை மாற்றம், காலையில் கண்ணாடி வைத்தோ நண்பரின் உதவியோடோ தோலைப் பார்த்தல் என்பன வீட்டில் உள்ளதைவிடக் கண்டிப்பாக வேண்டும். மலையேறுபவர்கள் சுடுதண்ணீர்ப் போத்தலை ஸ்லீப்பிங் பாக்குக்குள் வைத்துப் படுப்பது வழக்கம். உணர்வற்ற தோலில் அது தெரியாமலே எரிகாயம் உண்டாக்கும்.

இந்த அறிவு பயணம் போபவர்களுக்கு மட்டுமானதும் அல்ல. லயத்து அறைகளில் சீமெந்துத் தரையில் காலங்காலமாகப் படுத்தவர்களுக்கு இதை யாரும் சொல்லத் தேவையில்லை. பாய்க்கு அடியில் சாக்கை மடித்துப் போடுவதை அங்கே பல வீடுகளில் கண்டிருக்கிறேன். ஆனால் உதவி கொண்டுபோகும் எங்களுக்கு அது தெரிவதில்லை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலுக்குப் பின்னும் மலையகத்தில் வீடிழந்த சனம் பாடசாலைகளிலும் மண்டபங்களிலும் சீமெந்தில் படுத்தது. வடக்கிலிருந்து லொறிகளில் உதவி சேர்க்கும்போது முதலில் போர்வைதான் நினைவுக்கு வருகிறது. போர்வை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே காசில் பாதிக்கு ஈவிஏ நுரைத்தாள் சுருள் வாங்கி வெட்டிக் கொடுத்தால் இரவு கூடச் சூடாக இருக்கும். அதுவும் கிடைக்காவிட்டால், உலர்ந்த காட்போட் பெட்டிகளைப் பிரித்து இரண்டு மூன்று அடுக்காகப் பாய்க்கு அடியில் விரிக்கலாம். நெளிந்த தாளுக்குள் இருக்கும் காற்றும் காற்றுத்தான். நனைந்தால் மட்டும் உடனே மாற்ற வேண்டும்.

மீண்டும் கூடாரத்துக்கு வருவோம். ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்கா என்பதால் வனஜீவராசிகள் திணைக்களத்தில் முன்கூட்டியே பதிந்துதான் தங்கலாம். நினைத்த இடத்தில் கூடாரம் போட முடியாது. அனுமதித்த இடத்துக்குள் தெரிவு இருந்தால் பள்ளத்தைத் தவிருங்கள், குளிர்ந்த காற்று இறங்கி அங்கேதான் தேங்கும். கூடாரத்தின் கீழே தறப்பாள் விரித்தால் அதன் ஓரம் கூடாரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் மழைத் தண்ணீரை அது உங்கள் முதுகுக்கு அடியில் கொண்டுவந்து சேர்க்கும். செட்டிகுளத்தில் மழை கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

காற்றுப்பாயை வாயால் ஊதினால் மூச்சின் ஈரம் உள்ளே தங்கும். கூடவே வரும் ஊதுபையைப் பாவியுங்கள். மாலையில் இறுக்கமாக ஊதிய பாய் இரவில் தளர்ந்தால் உடனே ஓட்டை என்று பயப்பட வேண்டாம், குளிரில் காற்று சுருங்கும். படுக்குமுன் இன்னொருமுறை ஊதினால் சரி. உண்மையான ஓட்டை என்றால் சவர்க்கார நுரை பூசினால் குமிழி காட்டிக் கொடுக்கும். சைக்கிள் ரியூப்புக்கான சொலூஷன் நைலோன் துணியில் சரியாகப் பிடிக்காது. பாயோடு வரும் ஒட்டுத்துண்டைத் தொலைக்காமல் பையின் சிறு அறையில் வைத்திருங்கள். வீட்டுக்கு வந்ததும் வால்வைத் திறந்து நிழலில் இரண்டு நாள் காயவிட்டு, சுருட்டாமல் அலுமாரிக்கு மேலே விரித்தபடி வையுங்கள். எலி ஏறாத இடமாகப் பார்த்து.